முகத்தை விடுங்கள், முதலில் வீட்டை வரையுங்கள்

கேள்வி: எனக்கு 52 வயது. பாளையங்கோட்டையில் அலுவலக வேலை, சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். அம்மா தவறி 13 மாதம் ஆகிறது. தலைத் திவசமும் கொடுத்தாயிற்று. மூத்தவன் என்பதால் கொள்ளி வைத்ததிலிருந்து வாரிசுச் சான்று வாங்கியது வரை எல்லாம் நான்தான் பார்த்தேன். அப்போது அழுகை வரவில்லை. எல்லாம் முடிந்த பிறகு இப்போது ராத்திரி மூன்றரைக்கு விழிப்புத் தட்டிவிடுகிறது. கல்லூரியில் படிக்கும்போது பேனாவில் நன்றாகப் படம் வரைவேன். வேலைக்கு வந்ததும் விட்டுப்போயிற்று. இரண்டு மாதமாக, எல்லோரும் தூங்கிய பிறகு, அம்மா போட்டோவைப் பார்த்து வரைய உட்காருகிறேன். யாரோ ஒரு கிழவி மாதிரி வருகிறது, கிழித்துவிடுகிறேன். அம்மா முகமே மறந்துவருகிறதோ என்று பயமாக இருக்கிறது. “வருஷம் ஆயிட்டுல்லா, இன்னும் என்ன?” என்கிறாள் வீட்டில். தை பிறந்ததும் ஊர் வீட்டை விற்றுவிடலாம் என்கிறான் சென்னைத் தம்பி. இந்த வயதில் படம் வரைவதெல்லாம் தேவைதானா? டவுணில் ஒரு கடையில் அம்மா போட்டோவைக் கலராக்கி, பேசுகிற மாதிரி வீடியோ செய்து தருகிறோம் என்கிறார்கள். கொடுக்கலாமா?
— பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

பதில்:

அன்புள்ள அண்ணாச்சி,

முகம் வராததற்கும் நீங்கள் அம்மாவை மறப்பதற்கும் சம்பந்தம் இல்லை. தெரிந்த முகத்தை வரைவதுதான் ஓவியத்திலேயே கஷ்டமான காரியம். முன்பின் தெரியாத ஒருவரை வரைந்தால் மூக்கு ஒரு நூல் கூடினாலும் யாருக்கும் தெரியாது. 50 வருஷம் பார்த்துப் பழகிய முகத்தில் அந்த ஒரு நூல் ஆளையே மாற்றிவிடும். ‘இது யாரோ’ என்று உங்களால் உடனே சொல்ல முடிகிறதே, அம்மா முகம் உள்ளே பத்திரமாக இருப்பதால்தான் அது முடிகிறது.

எந்தப் போட்டோவை வைத்து வரைகிறீர்கள் என்று எழுதவில்லை. பெரும்பாலான வீடுகளில் இறந்தவருக்கு மாலை போட மாட்டும் படம், அவசரத்தில் ஆதார் படத்தையோ செல்போன் படத்தையோ பெரிதாக்கியதாகத்தான் இருக்கும். இரண்டடிக்குள் வைத்து செல்போனில் எடுத்த முகத்தில் மூக்கு பெருத்து, காதுகள் பின்னால் ஒதுங்கியிருக்கும். பிளாஷ் போட்டிருந்தால் கன்னத்துச் சுருக்கம், கண்ணின் குழிவு எல்லாம் தட்டையாகிவிடும். அப்படி ஒரு படத்தைப் பார்த்து அச்சாக வரைந்தாலும் அம்மா வரமாட்டார்கள், அந்தப் படத்திலேயே அவர்கள் இல்லை.

அடுத்தது உங்கள் கண்ணாடி. 52 வயதில் தூரமும் கிட்டவும் சேர்ந்த கண்ணாடி போட்டிருந்தால், சுவரில் இருக்கும் படத்துக்கும் மடியில் இருக்கும் தாளுக்கும் தலையை ஏற்றி இறக்கும்போது அளவு குழம்பும். கிட்டப் பார்வைக்கு மட்டும் தனியாக ஒரு கண்ணாடி வாங்குங்கள். படத்தையும் தாளையும் ஒரே தூரத்தில், பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். வலதுகைக்காரர் என்றால் வெளிச்சம் இடதுபுறமிருந்து வரவேண்டும், இல்லாவிட்டால் கையின் நிழல் கோட்டின் மேலேயே விழும். துக்கத்தைப் பற்றிக் கேட்டால் கண்ணாடியைப் பற்றிச் சொல்கிறாளே என்று நினைக்காதீர்கள். கிழித்த தாள்களில் பாதி இதனால் போயிருக்கும்.

கொள்ளி வைத்தபோது வராத அழுகை 13 மாதம் கழித்து வருகிறது என்று கவலைப்படுகிறீர்கள். வேலை செய்து முடித்த மூத்த மகன்களிடம் இது அடிக்கடி காணும் விஷயம்தான். நெதர்லாந்தில் பணியாற்றிய மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷுட் என்ற இரு உளவியலாளர்கள் 1999-ல் ஒரு விளக்கம் தந்தார்கள். துக்கப்படும் மனம் இரண்டு பக்கமும் மாறி மாறிப் போய்வரும். ஒரு பக்கம் இழப்பை நினைத்து உருகுவது, இன்னொரு பக்கம் நடக்கவேண்டிய காரியத்தைப் பார்ப்பது. இரண்டும் வேண்டும், ஒன்றிலேயே நின்றுவிட்டால்தான் சிக்கல். துட்டி கேட்க வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தது, பதினாறாம் நாள் சாமான் வாங்கியது, தாலுகா ஆபீசுக்கு அலைந்தது என்று நீங்கள் ஒரு வருஷம் காரியத்தின் பக்கமே இருந்திருக்கிறீர்கள். இப்போது அலைய ஒன்றுமில்லை, மனசு மறுபக்கம் போகிறது.

மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து படிகளைப் பற்றி எங்காவது படித்திருப்பீர்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல் அதை எழுதியது, தாங்களே சாகப்போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளிடம் பேசியதை வைத்து. அம்மாவை இழந்த மகனுக்கு அது கால அட்டவணை அல்ல.

ஆனால் மூன்றரை மணி விழிப்பை நான் லேசாக விடமாட்டேன். முதலில் ரத்தத்தில் சர்க்கரை, தைராய்டு, பி12 பாருங்கள், ரத்த அழுத்தமும் பாருங்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் காப்பி வேண்டாம். விழித்து இருபது நிமிஷம்போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறையில் மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள், செல்போனை எடுக்காதீர்கள். தூக்கத்துக்காக இரவில் ‘கொஞ்சமாக’ மது எடுத்தால் அதுவே மூன்று மணிக்கு எழுப்பிவிடும்.

துக்கமா, மனச்சோர்வு நோயா என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. துக்கம் அலையாக வரும், போகும். இடையில் பேரப்பிள்ளை பேச்சுக்குச் சிரிக்கலாம், சொதிச் சோறும் இஞ்சிப் பச்சடியும் ருசிக்கலாம். மனச்சோர்வில் எதுவுமே ருசிக்காது, ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற நினைப்பு நாள் முழுக்க இருக்கும். மூன்றாவதாக ஒன்றும் உண்டு: நீடித்த துக்கக் கோளாறு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் இதற்கு ஆறு மாதமும், 2022-ல் திருத்தப்பட்ட அமெரிக்க மனநலக் கையேடு பெரியவர்களுக்கு ஒரு வருஷமும் கணக்கு வைக்கின்றன. கால அளவு மட்டும் பத்தாது. கடைசி ஒரு மாதமாவது ஏறக்குறைய தினமும் ஏக்கம் ஆளை அமுக்குவது, இறந்ததை நம்பவே முடியாமல் இருப்பது, தன்னில் ஒரு பகுதியே போனதுபோல் தோன்றுவது, வேலையும் உறவும் கெடுவது என்று பலவும் சேர்ந்திருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் நான் பார்ப்பது அது அல்ல. இருந்தாலும் இதில் ஏதாவது பொருந்தினாலோ, ‘நானும் போய்விட்டால் என்ன’ என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலோ, ஐகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, போங்கள். ராத்திரி என்றால் 14416 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். அது அரசின் டெலி மானஸ் சேவை, கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம்.

இனி படத்துக்கு வருகிறேன். இந்த வயதில் தேவைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். தேவை என்பேன். வரைந்தால் துக்கம் ஆறிவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். நாளுக்கு கால் மணி நேரமாக நான்கு நாள் மனக்கஷ்டத்தை எழுதும் பயிற்சியை 1980-களில் ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற உளவியலாளர் பிரபலமாக்கினார். பலவிதமான மனக்கஷ்டங்களுக்கு அதனால் கொஞ்சம் பலன் இருந்தது. உறவினரை இழந்தவர்களிடம் சோதித்தபோது பெரிய பலன் தெரியவில்லை என்ற ஆய்வுகளும் வந்தன. எனவே மருந்து என்று வரையாதீர்கள். கைக்கும் கண்ணுக்கும் ஒரு வேலை, அம்மாவோடு இருக்க ஒரு இடம், அவ்வளவு போதும்.

தொடங்கவேண்டியது வீட்டிலிருந்து. தை வரை வீடு இருக்கிறதே, அது பெரிய வசதி. ஏ3 அளவில் கிராப் தாள் வாங்குங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டடி என்று வைத்தால் எழுபது அடி நீள வீடு 35 சென்டிமீட்டரில் அடங்கிவிடும். முதல் தாளை ஊருக்குப் போகாமல், அளக்காமல், ஞாபகத்திலிருந்தே வரையுங்கள். திண்ணை, தார்சா, பட்டாசல், அரங்கு, அடுக்களை, முற்றம், புறவாசல், கிணறு. கதவு எந்தப் பக்கம் திறக்கும், அம்மி எங்கே கிடந்தது, குத்துப்போணி எங்கே, யார் பாய் எங்கே விரித்திருக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் போட்டு, தாளின் பின்புறம் ஒற்றை வரி எழுதுங்கள். “7. இங்கே உட்கார்ந்துதான் அம்மா முருங்கைக்கீரை உருவுவாள்” என்றால் போதும். மேற்கொண்டு எழுத வந்தாலும் எழுதாதீர்கள், அடுத்த எண்ணுக்குப் போங்கள்.

ஏன் வீடு? ஞாபகம் இடத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ‘அம்மா எப்படிப்பட்டவள்’ என்று யோசித்தால் எல்லா அம்மாவுக்கும் பொருந்தும் நான்கு சொற்கள்தான் வரும். அரங்கின் கதவைத் தாளில் வரைந்தால், அதன் பின்னால் ஆணியில் என்ன தொங்கியது என்பது தானாக வரும்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய், இரண்டாவது தாளில் அளந்து வரையுங்கள். இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். சின்ன வயதில் பழகிய அறைகள் ஞாபகத்தில் பெரிதாகவே இருக்கும். எந்த அறை எவ்வளவு பெரிதாக வந்திருக்கிறது என்று பாருங்கள். அந்த அறையில்தான் உங்களுக்குச் சொல்ல நிறைய இருக்கும்.

இதற்கு மூன்று நான்கு வாரம் ஆகும். அடுத்து அம்மா கைபட்ட சாமான்கள்: அரிவாள்மணை, தேங்காய்த்துருவி, வெற்றிலைச் செல்லம், பத்தமடைப் பாயின் மடித்த ஓரம். ஏ5 அளவில் 150 ஜிஎஸ்எம் தாள் உள்ள நோட்டு, 2பி, 4பி பென்சில், நீர் பட்டால் கலையாத 0.3 கறுப்புப் பேனா. இதற்குமேல் எதுவும் வாங்காதீர்கள். கடையில் வண்ணப் பெட்டியைப் பார்த்தால் கை போகும், அதை வாங்கிய கையோடு பலர் வரைவதை நிறுத்திவிடுகிறார்கள். சாதாரண நோட்டுத்தாளில் பேனா மை பின்பக்கம் ஊறும், அதனால்தான் கனமான தாள்.

முதல் பத்து படங்களுக்குத் தாளைப் பார்க்காமல், சாமானின் ஓரத்தை மட்டும் கண்ணால் மெதுவாகத் தொடர்ந்துகொண்டே ஐந்து நிமிஷம் கோடு இழுங்கள். கோணல்மாணலாகத்தான் வரும். அதன்பிறகு அதே சாமானைப் பார்த்தே வரையும்போது, அரிவாள்மணையை வரையாமல், வளைந்த அலகுக்கும் பலகைக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடத்தை ஒரு உருவமாக நினைத்து வரையுங்கள். பொருளின் பெயர் மனதில் இருந்தால் கை தனக்குத் தெரிந்த அரிவாள்மணையைப் போட்டுவிடும். வெற்றிடத்துக்குப் பெயர் இல்லை, அதனால் கண் பார்த்ததைத்தான் போடும்.

நேரம் இருபது நிமிஷம். கடிகாரம் வையுங்கள். வாரத்தில் மூன்று நாள், காலை ஆறு மணிக்கு அல்லது ஞாயிறு சாயங்காலம். எல்லோரும் தூங்கிய பிறகு வேண்டவே வேண்டாம். அந்த நேரத்தில் கை சோர்ந்திருக்கும், மனசு சுற்றியதையே சுற்றும், மூன்றரை மணி விழிப்புக்கு நீங்களே விதை போட்டதாகும். நன்றாக வந்துகொண்டிருந்தாலும் இருபது நிமிஷத்தில் நிறுத்துங்கள். அரைகுறையாக விட்ட படம் இருந்தால் அடுத்த முறை உட்காருவது சுலபம். எதையும் கிழிக்காதீர்கள், தேதி போட்டு வையுங்கள்.

எங்கே தடங்கும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் உற்சாகமாகப் போகும். பிறகு ஒருநாள் ஏதோ ஒரு உழக்கை வரையும்போது அழுகை வெடிக்கும், பயப்படாதீர்கள், இருபது நிமிஷம் முடிந்ததும் முகத்தைக் கழுவிவிட்டு ஆபீசுக்குக் கிளம்புங்கள். அதைவிட மோசமானது மூன்றாவது வாரம் வரும் சலிப்பு. ‘எனக்கு அப்போது இருந்த கை போய்விட்டது’ என்று தோன்றும். கை போகவில்லை. இந்த 30 வருஷமாக எத்தனையோ நல்ல படங்களைப் பார்த்து உங்கள் கண் வளர்ந்துவிட்டது, கை மட்டும் 22 வயதில் நின்ற இடத்தில் நிற்கிறது. கல்லூரியில் இரண்டும் ஒரே வயது. இந்த இடைவெளி குறைய மாதங்கள் ஆகும். நடுவயதில் திரும்பத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றாவது வாரத்தில்தான் விடுகிறார்கள், திறமை இல்லாததால் அல்ல.

முகத்தைக் கடைசியாக எடுங்கள், நான்கு மாதத்துக்கு முன் வேண்டாம். மாலை போட்ட படத்தை விட்டுவிட்டு, உங்களுக்குப் பத்துப் பதினைந்து வயதிருக்கும்போது எடுத்த, சற்றுத் தள்ளி நின்று எடுத்த படமாகத் தேடுங்கள். ஏ4 அளவில் பிரதி எடுத்து இரண்டு சென்டிமீட்டர் கட்டம் போடுங்கள், வரையும் தாளிலும் அதே கட்டத்தை லேசாகப் போடுங்கள். இரண்டையும் தலைகீழாகத் திருப்பி வைத்துக் கட்டம் கட்டமாக வரையுங்கள். தலைகீழாக இருந்தால் அது அம்மா என்பது கைக்குத் தெரியாது. கண் உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் சரிபாதியில் இருக்கும், எல்லோரும் அதை மேலே ஏற்றிப் போட்டு நெற்றியைச் சுருக்கிவிடுவார்கள். வயதான முகம் என்றால் காது நீண்டிருக்கும், பல் போயிருந்தால் மூக்குக்கும் மோவாய்க்கும் இடையே தூரம் குறைந்திருக்கும். இத்தனைக்குப் பிறகும் வராவிட்டால், பின்பக்கமிருந்து அடுக்களையில் நிற்கும் உருவமாக வரையுங்கள். கொண்டையும் தோளும் போதும், ஊரில் பார்க்கிற எவரும் ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

இதற்கிடையில் காலத்தோடு செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. அம்மா உங்களுக்கோ தம்பிக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் செய்திகள் இருக்கும். போன் மாறும்போது போவது முதலில் அவைதான். இன்றே தனியாக எடுத்து, ஒரு பென் டிரைவிலும் வேறொருவர் மின்னஞ்சலிலும் வையுங்கள். பழைய கேசட் இருந்தால் உடனே போட்டுக் கேட்காதீர்கள். கேசட்டின் சின்ன ஜன்னல் வழியாக நாடாவைப் பாருங்கள், வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருந்தால் ஓடவிட்டால் கிழியும், பாட்டுப்பெட்டியும் கெடும். சுத்தமாக இருந்தால் ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றிவிட்டுப் போடுங்கள். சத்தம் மங்கலாக வந்தால் நாடாவை அழுத்திப் பிடிக்கும் சின்னக் கம்பளித்துண்டு உதிர்ந்திருக்கும். திருகாணி போட்ட வேறு கேசட் கூட்டுக்குள் நாடாவை மாற்றினால் சரியாகிவிடும்.

பிளாஸ்டிக் தாளுக்குள் பசையில் ஒட்டிய ஆல்பத்துப் படங்களைப் பிடித்து இழுக்காதீர்கள். பல் இடுக்கில் விடும் மெல்லிய நூலைப் படத்தின் அடியில் ரம்பம்போல மெதுவாக ஓட்டினால் பெரும்பாலும் வந்துவிடும். சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தை மட்டும் தொடவே வேண்டாம். கண்ணாடியோடு அப்படியே, சற்றுச் சாய்வாக வெளிச்சம் விழும்படி வைத்து ஸ்கேனோ போட்டோவோ எடுங்கள். சிறிய படங்களுக்கு ஸ்கேன் நுணுக்கத்தை 600 டிபிஐ என்று வைத்தால்தான் பின்னால் பெரிதாக்க முடியும்.

சித்தியோ அத்தையோ, அம்மாவோடு பிறந்து வளர்ந்தவர்கள் இருந்தால் அவர்களை உட்காரவைத்துப் பதிவுசெய்யுங்கள். மின்விசிறியை அணைத்துவிடுங்கள், காதுக்குத் தெரியாத அந்த இரைச்சல் பதிவில் பெரிதாக விழும். போனை மடித்த துண்டின் மேல், அவர்களுக்கு ஒரு அடி தூரத்தில், பிளைட் மோடில் வையுங்கள். “அம்மா எப்படி இருந்தா சித்தி?” என்று கேட்டால் “தங்கமானவள்லா” என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். நீங்கள் வரைந்த வீட்டுத் தாளை அவர்கள் முன்னால் விரித்து, “சித்தி, நீங்களும் அம்மாவும் எங்க படுப்பிய?” என்று கேளுங்கள். அரை மணி நேரம் போதும், அதற்குமேல் அவர்களுக்கும் மனசு கனத்துவிடும்.

உங்கள் வீட்டம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. கடைசிக் காலத்தில் உங்கள் அம்மாவுக்குப் பார்த்தது யார் என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் மருமகள்தான் கஞ்சி கொடுத்து, துணி மாற்றியிருப்பார்கள். அவர்களுடைய களைப்பைப் பற்றி யாரும் துட்டி கேட்டிருக்கமாட்டார்கள். ‘இன்னும் என்ன’ என்பது அந்தக் களைப்பின் பேச்சாக இருக்கலாம். அம்மா சாமானில் எதை வைத்துக்கொள்ளலாம் என்று அவர்களிடம் கேளுங்கள், கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள்.

வீட்டை விற்பது தனி விஷயம். 13 மாதம் ஆகிவிட்டது, அது அவசர முடிவும் அல்ல. வரைந்த படங்களைக் காட்டித் தம்பியைத் தடுக்கப் பார்க்காதீர்கள். அதன்பிறகு அந்தப் படங்களுக்குள் வழக்கு புகுந்துவிடும். பத்திரப் பதிவுக்கு முன் இரண்டு நாள் எல்லோரும் வீட்டில் சேர்ந்து இருக்கவேண்டும் என்று மட்டும் கேளுங்கள். எல்லாச் சாமானையும் போட்டோ எடுத்துப் பட்டியல் போட்டு, இளையவரிலிருந்து தொடங்கி ஆளுக்கு ஒன்றாக முறைவைத்து எடுங்கள். ஆல்பத்தின் அசல் ஒருவரிடம், பிரதி எல்லோரிடமும்.

ஆடி அமாவாசை, தீபாவளி, அடுத்த திதி என்று சில நாட்கள் முன்கூட்டியே கனக்கத் தொடங்கும். பாபநாசத்தில் எள்ளும் தண்ணீரும் விடப் போகிறீர்களென்றால், அன்று மதியத்துக்குமேல் எங்கே, யாரோடு இருப்பது என்பதை முந்தின வாரமே முடிவு செய்துவிடுங்கள். காலை நேரம் சடங்கிலேயே போய்விடும். ஆள் தனியாக மாட்டிக்கொள்வது மதியத்தில்தான்.

பேசும் வீடியோ இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. நாம் ஒன்றை நினைக்கும்போதெல்லாம் மூளை அதைப் புதிதாகக் கட்டி எடுக்கிறது. இயந்திரம் கற்பனை செய்த சிரிப்பைத் திரும்பத் திரும்பப் பார்த்தால், அம்மாவின் சிரிப்பு இருந்த இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளலாம். முகம் மறந்துவிடுமோ என்று பயப்படுகிற உங்களுக்கு அது உகந்ததல்ல. ஒரு வருஷம் கழித்தும் ஆசை இருந்தால் அப்போது பாருங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தைக் கலராக்குவதில் தவறில்லை. ஆனால் புடவை நிறத்தைக் கடைக்காரரும் கணினியும் ஊகித்துத்தான் போடுவார்கள், அரக்கு பச்சையாகிவிடும். சித்தியிடம் நிறத்தைக் கேட்டுத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுங்கள். கடையில் கொடுப்பது ஸ்கேன் செய்த பிரதியாக இருக்கட்டும், அசலை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள்.